சாய்கோடு

பஹாவ் டவுனிலிருந்து பதினாலு கிலோமீட்டர்,
செம்பனை ஆலையின் எடைமேடைச் சாவடி. இரவு ஷிப்ட்.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
நின்ற எண்ணைத்தான் எழுத வேண்டும்.
இது எனக்குத் தெரிந்த கணக்கு.

கைப்பேசியில் கணக்கு வேறு.

முதல் காணொளி, குமரேசுவின் உள்ளங்கையில்
முறிந்து நின்ற செம்பனை முள்ளை
ஊசியால் நான் நெம்பி எடுத்தது.
அவர் பல்லைக் கடித்த சத்தம்கூட
நன்றாக விழுந்திருந்தது.
விடிவதற்குள் நீக்கிவிட்டார்கள்:
வன்முறை, இரத்தம்.
ஒரே சொட்டுதான்.
மேல்முறையீடு என்றொரு பொத்தான் இருக்கிறது,
அமுக்கினால் நன்றி சொல்கிறது.

அடுத்தது, மழைக்கு லாரியடியில் ஒண்டிய ஏழு ஆடுகள்.
ஆடி மாதம். தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கியில்
அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
பாட்டின் சொந்தக்காரர் எங்கோ இருக்கிறாராம்.
தம் பாட்டோடு
ஆடுகளின் குரலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
அவை வாயைத் திறந்து திறந்து மூடின.
பார்த்தவர்கள் பதினொரு பேர்.
அதில் நாலு பேர் எங்கள் வீடு,
ஒன்று நானே, பகல் ஷிப்ட் பிரமிளாவின் போனில்.

ஆயிரம் பேர் பின்தொடர்ந்தால்தான்
காசுக் கதவு திறக்கும் என்றது விதி.
‘விரைவு உதவி’ என்ற பெயரில் ஒருவன் வந்தான்.
ஐம்பது வெள்ளி, அறுநூறு பேர்.
கூட்டு கட்ட வைத்திருந்த காசு.
வந்தார்கள், முகமில்லாமல், பெயரெல்லாம் எண்களாக.
ஒருத்தராவது காலையில் பசியாறியிருப்பார் என்று
தோன்றவில்லை எனக்கு.
தீபாவளிக்கு முந்திய வியாழன்
ஒரே இரவில் காணாமல் போனார்கள்,
ஓர் எச்சரிக்கையை என் வாசலில் வைத்துவிட்டு:
போலி நடவடிக்கை. மறுமுறை கணக்கு மூடப்படும்.

குமரேசு திட்டவில்லை.
‘காய்க்குலைக்கு நமக்கும்தான் கழிக்கிறான்,
ஆனா கழிச்சத எழுதிக் கையில குடுப்பான்’ என்றார்,
சோற்றைப் பிசைந்துகொண்டே.

அப்புறம் ஓர் உருளைக்கிழங்கு வாங்கினேன்.
அதில் முள்ளைக் குத்தி, அதிலிருந்தே எடுத்துக் காட்டினேன்.
கிழங்குக்கு இரத்தமில்லை.
சபாவிலிருந்து பார்த்தார்கள், சுமத்ராவிலிருந்து பார்த்தார்கள்,
‘கண்ணில் பட்டால் என்ன செய்வது’ என்று கேட்டார்கள்.
எட்டு மாதம். ஆயிரத்து மூன்று பேர்.

கதவு திறந்தது. உள்ளே ஒரு படிவம்.
அடையாள அட்டையில் உள்ளபடி பெயர்.
உள்ளபடியே அடித்தேன்:
யோகேஸ்வரி, ஏ, சாய்கோடு, பி, அப்பாவின் பெயர்.
சிவப்பாய் எழுந்தது: செல்லாத குறியீடு.
கோட்டை எடுத்தேன்,
ஏயும் பியும் ஒட்டி யாரோ ஒரு மூன்றாம் ஆள் ஆயிற்று.
எழுத்துகளையும் எடுத்தேன்.
பேங்க் பெயரோடு பொருந்தவில்லை.
அட்டையைப் படமெடுத்து அனுப்பினால்
அதில் ஏதோ கோடு இருக்கிறதே என்கிறது.

இருக்கிறது.
மகள் என்பதற்கு மலாயில் இரண்டு சொல்,
சுருக்கினால் இரண்டு எழுத்து, நடுவில் அது.
பள்ளியில், கிளினிக்கில், கல்யாணப் பதிவில்
யாரும் என்னவென்று கேட்டதில்லை.
அப்பா போய்ப் பத்து வருடம்,
கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறார்.

இத்தனைக்கும் சேர்ந்திருப்பது
ஏழு டாலர் இருபது காசு.
நூறு ஆனால்தான் அனுப்புவார்களாம்.

செகாமட்டிலிருந்து மரியதாஸ் என்று ஒரு லாரிக்காரர்,
அவர் பெயரிலும் கோடு, எழுதியிருந்தார்:
‘கோட்டுக்குப் பதிலா ஒரு எடம் காலியா விடுங்கக்கா.
எனக்கு மூணாவது வாட்டி ஏறிருச்சு.’
விட்டேன்.
புதன்கிழமையிலிருந்து ‘பரிசீலனையில்’.

மணி நாலேகால். லாரி ஏறுகிறது.
ஓட்டுநர் இறங்கி வந்து
கண்ணாடிக்கு வெளியே எட்டி எட்டிப் பார்க்கிறார்.
எண் இன்னும் நடுங்குகிறது.
திரையை அவர் பக்கம்
கொஞ்சம் திருப்பி வைக்கிறேன்.